அவைத்தலைவர் வைத்துக் கொண்டாடிய விஜயதசமி

வெளிநாட்டுக்குப் படிக்கப் போன பிள்ளைகள் அங்கே ஊர்ப் பண்டிகை கொண்டாடினால், அதை ஊர் ஏக்கத்தின் கணக்கில் எழுதிவிடுவது நம் வழக்கம். வீட்டுச் சாப்பாட்டின் நினைவு வந்தது, நாலு பேர் கூடிச் சமைத்தார்கள், சாப்பிட்டார்கள், ஊருக்குக் கடிதம் போட்டார்கள். அவ்வளவுதான் என்று விட்டுவிடுகிறோம். பழைய சான்றுகளைப் புரட்டினால் இந்த எண்ணம் நிற்பதில்லை. ஊரில் ஒரு பண்டிகையைத் தாங்கி நிற்பவை வீடு, கோயில், பஞ்சாங்கம் பார்த்து நாள் சொல்லும் பெரியவர், யார் சமைப்பது யாருக்கு முதலில் இலை போடுவது என்ற சாதி முறை, எல்லாவற்றுக்கும் மேலாக வீட்டுப் பெண்கள். கப்பல் ஏறிய மாணவனிடம் இவற்றில் எதுவும் கிடையாது. பண்டிகையின் பெயரும் கதையும் மட்டுமே அவனோடு போயின. மிச்சத்தை அவன் போன இடத்திலிருந்து எடுத்துக் கட்டினான். கட்டி முடித்தபோது அது ஊரில் யாருக்கும் தெரியாத புதிய பண்டிகையாக இருந்தது. அந்தப் புதுமையில்தான் அதன் வரலாற்று மதிப்பு இருக்கிறது என்பது என் வாதம். இதற்கு நான் எடுத்துக்கொள்ளும் சான்று, 1909இல் லண்டனில் இந்திய மாணவர்கள் நடத்திய விஜயதசமி விருந்து. அதில் கலந்துகொண்டவர்களில் சிலர் பின்னாளில் பெரும்புள்ளிகள் ஆனார்கள், சிலர் எழுதியும் வைத்தார்கள். அதனால் ஒரு மாணவர் விருந்தைப் பற்றி வழக்கமாகக் கிடைக்காத அளவுக்கு விவரம் கிடைக்கிறது.

அந்தக் காலத்தில் பிரிட்டனில் படித்த இந்தியர்கள் ஒரு சிறு கூட்டம். 1907இல் லீ-வார்னர் தலைமையில் அரசு அமைத்த குழு இந்திய மாணவர்களின் நிலையை ஆராய்ந்தபோது அவர்கள் ஏறத்தாழ 700 பேர். பெரும்பாலோர் சட்டம் படிக்க வந்தவர்கள். சிவில் சர்வீஸ் தேர்வுக்கும் மருத்துவத்துக்கும் வந்தவர்கள் அடுத்து. கேம்பிரிட்ஜில் 1891இலும் ஆக்ஸ்போர்டில் 1896இலும் மஜ்லிஸ் என்ற பெயரில் இந்திய மாணவர் சங்கங்கள் உருவாகியிருந்தன. அங்கே விவாதமும் பேச்சுமே முக்கிய வேலை. லண்டனில் ஹைகேட் பகுதி குரோம்வெல் அவென்யூவில் ஷியாம்ஜி கிருஷ்ணவர்மா 1905இல் திறந்த இந்தியா ஹவுஸ் மாணவர் விடுதியாகவும் தீவிர அரசியலின் கூடாரமாகவும் இருந்தது. தமிழர்களும் அந்த வட்டத்தில் இருந்தார்கள். திருச்சி வரகனேரியிலிருந்து ரங்கூன் வழியாகப் போய் பாரிஸ்டர் படிப்பில் சேர்ந்த வ.வே.சு. ஐயர், மருத்துவ மேற்படிப்புக்குப் போன ஸ்ரீரங்கத்துக்காரர் தி.சே.சௌ. ராஜன், சென்னையில் பத்திரிகை நடத்திவிட்டுத் தப்பிப் போன எம்.பி.டி. ஆச்சார்யா ஆகியோர் இவர்களில் தெரிந்த பெயர்கள். சாவர்க்கர் 1906இல் ஷியாம்ஜி வழியாகக் கிடைத்த உதவித்தொகையோடு வந்து கிரேஸ் இன்னில் சட்டம் படித்துக்கொண்டிருந்தார்.

1909 ஜூலை 1 அன்று இந்தச் சிறு உலகம் கலைந்தது. இம்பீரியல் இன்ஸ்டிட்யூட்டில் தேசிய இந்தியச் சங்கம் நடத்திய ஒரு வரவேற்பின் முடிவில், பொறியியல் மாணவர் மதன்லால் திங்ரா, இந்தியா அலுவலக அதிகாரி கர்சன் வைலியைச் சுட்டுக் கொன்றார். தடுக்கப் போன பார்சி மருத்துவர் காவஸ் லால்காகாவும் இறந்தார். ஆகஸ்ட் 17 அன்று திங்ரா தூக்கிலிடப்பட்டார். அந்தக் கொலை எங்கே நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். இந்திய மாணவர்கள் ஆங்கிலேயக் கனவான்களோடும் சீமாட்டிகளோடும் பழகி நல்ல பிள்ளைகளாக ஆக வேண்டும் என்பதற்காகவே நடத்தப்பட்டவை அந்த மாலை வரவேற்புகள். தேநீர், இசை, இன்முகம். விருந்தளிப்பவர் அவர்கள், விருந்தாளி இவர்கள். அந்த ஏற்பாட்டின் நடுவே துப்பாக்கி வெடித்தது. அதன் பிறகு அரசு மாணவர்கள் மீதான கண்காணிப்பை இறுக்கியது. இந்தியா ஹவுஸ் மூடப்பட்டது. ஊரிலிருந்து வந்தவனுக்கு அறை வாடகைக்குக் கொடுக்கவே வீட்டுக்காரிகள் தயங்கிய மாதங்கள் அவை. இந்தச் சூழலில் மாணவர்கள் தாங்களே விருந்தளிப்பவர்களாக இருந்து ஒரு கூட்டம் நடத்த நினைத்தபோது, அவர்கள் தேர்ந்தெடுத்த நாள் விஜயதசமி.

விருந்து அக்டோபர் 24, ஞாயிற்றுக்கிழமை. இடம் பேஸ்வாட்டர் பகுதியில் நிஜாமுத்தீன் பெயரில் இயங்கிய இந்திய உணவகம் என்று குறிப்புகள் சொல்கின்றன. ஏறத்தாழ எழுபது பேர் வந்தார்கள். தலைமை தாங்கியவர் காந்தி. தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் இந்தியர்களின் குறையைச் சொல்ல முஸ்லிம் வணிகர் ஹாஜி ஹபீபோடு ஜூலை 10 அன்று லண்டன் வந்து, மூன்றரை மாதமாக அமைச்சர்களின் வாசலில் காத்துக் கிடந்தவர் அவர். அவருக்கு வயது 40. சாவர்க்கருக்கு 26, ஐயருக்கு 28. அழைத்தவர்கள் தீவிரக் கட்சிக்காரர்கள் என்பது காந்திக்குத் தெரியும். சச்சரவு அரசியல் பேசக்கூடாது என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். ஆனால் சில நாள் கழித்து நண்பர் போலக்குக்கு எழுதிய கடிதத்தில், வன்முறையால் பயனில்லை என்பதை அங்கே கூடுபவர்களிடம் பேச வாய்ப்புக் கிடைக்கும் என்பதற்காகவே தயங்காமல் ஏற்றதாகச் சொல்கிறார். ஆக, அரசியல் வேண்டாம் என்றவரே அரசியலுக்காகத்தான் போனார். தென்னாப்பிரிக்காவில் தான் நடத்திய இந்தியன் ஒப்பீனியன் இதழுக்கு அவர் அனுப்பிய செய்தியில், ராமனைப் போன்ற ஒருவர் பிறந்த நாட்டைச் சேர்ந்தவர் என்பதில் இந்து, முஸ்லிம், பார்சி எவரும் பெருமைப்படலாம் என்று பேசியதாகவும், சாவர்க்கர் ராமாயணத்தின் சிறப்பைப் பற்றி எழுச்சியோடு பேசியதாகவும் குறிப்பிடுகிறார். ராமன் வனவாசத்தில் பட்ட துன்பத்தைக் காந்தி எடுத்துக்கொண்டார், ராவண வதத்தைச் சாவர்க்கர் எடுத்துக்கொண்டார் என்று இரு பேச்சுகளையும் எதிரெதிராக நிறுத்திச் சொல்வது பின்னால் வந்த வாழ்க்கை வரலாறுகளின் வேலை. காந்தியின் சொந்தக் குறிப்பில் அந்த மோதல் அவ்வளவு கூர்மையாக இல்லை.

பேச்சைவிட எனக்குச் சமையலறைதான் முக்கியமாகப் படுகிறது. ராஜன் பின்னாளில் எழுதிய நினைவுகளில், மாணவர்கள் சிலர் சேர்ந்து சமைத்துக்கொண்டிருந்தபோது மெலிந்த, குள்ளமான ஒருவர் பிற்பகலில் வந்து, கூப்பிடாமலே காய் நறுக்கவும் பாத்திரம் கழுவவும் தொடங்கியதையும், அவர்தான் மாலைக் கூட்டத்தின் தலைவர் என்பது வெகு நேரம் கழித்தே தெரிந்ததையும் சொல்கிறார். இதைக் காந்தியின் எளிமைக்கு எடுத்துக்காட்டாகப் பலரும் மேடையில் சொல்லியாயிற்று. அந்தக் கதையை அப்படிச் சொல்லும்போது அதன் மறுபாதி கவனத்துக்கு வராமல் போகிறது: ஸ்ரீரங்கத்து வைணவர் ஒருவரும் வரகனேரிப் பிராமணர் ஒருவரும் சேர்ந்து நடத்திய விருந்தில், பெயர் தெரியாத, சாதி கேட்கப்படாத ஓர் ஆள் நேராக உள்ளே வந்து காயைத் தொட முடிந்தது. 1909இல் ஸ்ரீரங்கத்தில் எந்த மடைப்பள்ளியிலும், எந்த அக்ரகாரத்துச் சமையலறையிலும் அது நடந்திருக்காது. காந்தியின் சொந்த வாழ்க்கையே இதற்கு அளவுகோல். 1888இல் லண்டனுக்குப் படிக்கப் புறப்பட்டபோது அவருடைய மோத் பனியா சாதிக் கூட்டம் அவரைத் தள்ளிவைத்தது. 1891இல் திரும்பியதும் அண்ணன் அவரை நாசிக்குக்கு அழைத்துப் போய்ப் புனித நீராட வைத்தார். ராஜ்கோட்டில் சாதிக்காரர்களுக்கு விருந்து போட்டார்கள். அந்த விருந்து, யார் உள்ளே யார் வெளியே என்று அறிவிக்கும் விருந்து. பதினெட்டு ஆண்டு கழித்து அதே மனிதர் தலைமை வகித்த லண்டன் விருந்தில் இந்தியாவிலிருந்து வந்திருந்தால் போதும், உட்காரலாம். சைவச் சாப்பாடு என்பது ஒன்றுதான் பழைய ஒழுங்கிலிருந்து மிஞ்சிய கட்டுப்பாடு. அதுவும் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார வசதியாக அமைந்த கட்டுப்பாடு.

அந்த மேசையின் ஒழுங்கு எங்கிருந்து வந்தது? அவைத்தலைவர், வரிசையாகப் பேச்சு, உணவுக்குப் பின் உரை, கடைசியில் நன்றி: இதில் ஒன்றாவது நவராத்திரியில் உண்டா? இதற்கு விடை சட்டக் கல்வியில் இருக்கிறது என்று நினைக்கிறேன். லண்டனில் பாரிஸ்டர் ஆக வேண்டுமானால் தேர்வு எழுதினால் மட்டும் போதாது. இன் என்ற வழக்கறிஞர் சங்கக் கூடத்தில் குறித்த எண்ணிக்கை விருந்துகள் சாப்பிட்டிருக்க வேண்டும். காந்தி தன் மாணவக் காலத்தைப் பற்றி எழுதும்போது, பன்னிரண்டு பருவங்கள், ஒவ்வொரு பருவத்திலும் இருபத்து நான்கு விருந்துகளில் குறைந்தது ஆறுக்கு வந்தாக வேண்டும் என்ற கணக்கைச் சொல்கிறார். நால்வர் கொண்ட குழுவுக்கு இரண்டு புட்டி மது என்பதால், குடிக்காத காந்தியைத் தங்கள் குழுவில் சேர்த்துக்கொள்ள மற்ற மாணவர்கள் போட்டி போட்டார்களாம். காந்தி இன்னர் டெம்பிளில், ஐயர் லிங்கன்ஸ் இன்னில், சாவர்க்கர் கிரேஸ் இன்னில் இப்படிச் சாப்பிட்டே தகுதி சேர்த்தவர்கள். மூத்தோர் உயர்ந்த மேசையில், மாணவர் நீள மேசைகளில், அரசரின் நலம் வேண்டிக் கோப்பை உயர்த்தல் என்று அந்தக் கூடத்துக்கு ஒரு சடங்கு உண்டு. இந்திய மாணவர்கள் விஜயதசமிக்கு எடுத்துக்கொண்டது அந்த வடிவம்தான். மதுவையும் அரசரையும் எடுத்துவிட்டார்கள். ராமனை உள்ளே கொண்டுவந்தார்கள். கோயில் இல்லாத ஊரில் பண்டிகைக்கு உருவம் கொடுக்க அவர்களுக்குத் தெரிந்திருந்த பொதுச் சடங்கு அதுவாகவே இருந்தது.

இப்படி மாற்றிக் கட்டும்போது எதை விட்டுவிட்டார்கள் என்பதும் சொல்லப்பட வேண்டும். நம் ஊரில் நவராத்திரி பெண்களின் பண்டிகை. கொலு வைப்பது, சுண்டல் செய்வது, குங்குமம் கொடுத்து அனுப்புவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆண்கள் படி கட்டிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுவார்கள். அன்றைய லண்டன் இந்திய மாணவர்களில் பெண்கள் மிகச் சிலர். பெண்கள் இல்லாத இடத்தில் தேவியும் இல்லாமல் போனாள். வங்காளத்தில் துர்க்கை, மைசூரில் சாமுண்டீஸ்வரி, தமிழ் வீடுகளில் மூன்று மூன்று நாளாகத் துர்க்கை, லட்சுமி, சரஸ்வதி என்று ஒன்பது இரவும் அம்மனுக்குரிய பண்டிகை, பேஸ்வாட்டரில் ராமனைப் பற்றிய சொற்பொழிவாகச் சுருங்கியது. இது தற்செயல் அல்ல. மராட்டியருக்குத் தசரா என்றால் எல்லை தாண்டிப் போய் ஆப்டா இலையைப் பொன் என்று சொல்லி மாற்றிக்கொள்ளும் நாள். வங்காளிக்குச் சிலையைக் கரைத்துவிட்டு ஒருவரை ஒருவர் கட்டித் தழுவும் நாள். கங்கைச் சமவெளிக்காரருக்கு ராவணன் பொம்மையைக் கொளுத்தும் நாள். தமிழருக்குப் பிள்ளையை முதன்முதலாக எழுத்துக்கு உட்கார வைக்கும் நாள். ஒரே மேசையில் இவர்கள் அனைவரும் உட்கார்ந்தால் யாருடைய விஜயதசமியைக் கொண்டாடுவது? சடங்கை வைத்து ஒன்று சேர முடியாது. எல்லோருக்கும் தெரிந்த ஒரு கதையை வைத்துத்தான் முடியும். அகில இந்தியப் பண்டிகை என்று இன்று நாம் சாதாரணமாகப் பேசும் பொருள் இப்படிப்பட்ட மேசைகளில் உருவானது. உருவானபோதே சில உறுப்புகளை இழந்திருந்தது.

இதெல்லாம் பண்டிகையே அல்ல, போலீசாரின் கண்ணில் மண்ணைத் தூவ அரசியல்வாதிகள் போட்ட திரை என்று ஒருவர் மறுக்கலாம். காந்தியின் கடிதமே அதற்குச் சாட்சி என்பார். இந்த மறுப்புக்குள் ஓர் எண்ணம் ஒளிந்திருக்கிறது: ஊரில் நடக்கும் உண்மையான பண்டிகையில் அரசியல் இருக்காது என்பது. விஜயதசமியின் வரலாறு தெரிந்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். விஜயநகரப் பேரரசர்கள் மகாநவமியன்று படைகளை அணிவகுக்கச் செய்து பார்வையிட்டதை 1520ஐ ஒட்டி ஹம்பிக்கு வந்த போர்ச்சுகீசியர் டொமிங்கோ பாயஸ் விரிவாக எழுதியிருக்கிறார். மைசூர் உடையார்கள் 1610 முதல் அந்த மரபைத் தொடர்ந்தார்கள். ராமநாதபுரத்தில் சேதுபதிகள் ராஜராஜேஸ்வரிக்கு நவராத்திரி எடுத்து, பாளையக்காரர், பண்டாரம், வித்துவான், அதிகாரி என்று ஒவ்வொருவருக்கும் தகுதிக்கேற்ப மரியாதை செய்தார்கள். யாருக்கு என்ன பட்டு, யார் எங்கே நிற்பது என்பதுதான் அங்கே அரசியல். ஆகவே லண்டன் விருந்து அரசியல் கலந்ததால் பண்டிகைத் தன்மை இழந்தது என்பது பொருந்தாது. நாட்டாட்சி பற்றிய பண்டிகையை நாடு இழந்தவர்கள் கொண்டாடினால் பேச்சு வேறெங்கே போகும்? மாறியது அரசியலின் வகை. தர்பார் நவராத்திரியில் மரியாதை படி இறங்கி வரும். லண்டனில் தலைவர் அன்று ஒரு நாள் தலைவர். அதே பிற்பகல் பாத்திரம் கழுவியவர். திரை என்ற வாதத்துக்கும் ஒரு வார்த்தை: உண்மையான பண்டிகையாக இருந்தால்தான் திரையாகவும் பயன்படும். வெறும் கூட்டத்துக்கு ஹாஜி ஹபீபும் வரமாட்டார், காந்தியும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்.

இன்னொரு மறுப்பு வலுவானது. பண்டிகையைப் பொதுமேடை ஆக்கியது லண்டன் மாணவர்கள் அல்லர். 1893 முதல் புனேயில் கணபதி விழாவைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர்களும், 1896இல் ராய்கட்டில் சிவாஜி விழா தொடங்கிய திலகரும் அதைச் செய்து முடித்திருந்தார்கள். சாவர்க்கர் அங்கிருந்து எடுத்துப் போனதைத்தான் நீ புதுமை என்கிறாய். பாதி உண்மை. பேச்சு, பாட்டு, வீரக் கதை என்ற கலவை புனேயில் தயாரானதுதான். 1907இல் டோக்கியோவில் இந்திய மாணவர்கள் சிவாஜி விழா எடுத்தபோதும் அந்த மாதிரியே கைகொடுத்தது. ஜப்பானிய அரசியல்வாதி ஒகுமா அங்கே வந்து பேசினார். அவர் பேச்சால் ஏமாற்றமடைந்த சீனப் புரட்சியாளர் ஜாங் பிங்லின் தன் இதழில் அந்த விழாவைப் பற்றி எழுதினார். ஆனால் புனேயின் கணபதி விழா 1893 பம்பாய்க் கலவரத்தின் நிழலில் வளர்ந்தது. மொகரம் ஊர்வலங்களுக்கு இந்துக்கள் போவதை நிறுத்தும் நோக்கம் அதற்கு இருந்தது. தெருவும் பேட்டையும் ஆள்பலமும் உள்ள ஊரில் பிறரை விலக்கிப் பண்டிகை நடத்தலாம். எழுபது பேர் சேர்வதே பெரிய காரியமாக இருக்கும் இடத்தில், இஸ்லாமியப் பெயர் தாங்கிய உணவகத்தில், முஸ்லிம் வணிகர் ஒருவர் விருந்தினராக இருக்கும்போது அதைச் செய்ய முடியாது. புனேயிலிருந்து வந்த வடிவம் லண்டனில் எதிர்த் திசைக்குத் திரும்பியது. மனம் விரிந்ததால் என்று அதைப் புகழ நான் தயாரில்லை. எண்ணிக்கை குறைவு என்ற எளிய காரணமே போதும். எண்ணிக்கை கட்டாயப்படுத்திய நாகரிகமும் நாகரிகம்தான்.

அப்படியென்றால் முஸ்லிம்களும் பார்சிகளும் ராமன் பெயரில் நடந்த மேசைக்கு வந்தார்களே, அவர்களுடைய பண்டிகைக்கு மற்றவர்கள் போனார்களா என்ற கேள்வி நியாயமானது. லண்டனுக்கு வெளியே வோக்கிங்கில் 1889இல் போபால் பேகத்தின் பொருளுதவியோடு கட்டிய பள்ளிவாசல் இருந்தது. குவாஜா கமாலுத்தீன் 1913இல் வந்து அதைப் பொறுப்பேற்ற பின் அங்கே ஈத் தொழுகைக்குப் பல நாட்டு மாணவர்களும் ஆங்கிலேய முஸ்லிம்களும் ஒன்றுகூடினார்கள். அதுவும் புதிய பண்டிகையே: பஞ்சாபியும் எகிப்தியரும் துருக்கியரும் ஒரே வரிசையில் நின்ற ஈதை லாகூர்த் தெரு கண்டிருக்காது. ஆனால் அந்த ஒற்றுமை இந்தியர் என்ற எல்லையில் நிற்காமல் வேறு திசையில் விரிந்தது. ராமன் எல்லோருக்கும் பொது என்ற காந்தியின் வாக்கியம் நல்லெண்ணத்தில் பிறந்தது. என்றாலும் பெரும்பான்மையின் கதையைப் பொதுக் கதை என்று அறிவிக்கும் வசதி அதில் இருக்கிறது. தமிழ் வாசகர் இன்னொன்றையும் கேட்பார். ராவணனைக் கொன்ற நாளை எல்லோருடைய வெற்றி நாளாக ஏற்க முடியாது என்று சொன்ன ஒரு பெரும் மரபு இருபதாம் நூற்றாண்டில் இங்கே எழுந்தது. புலவர் குழந்தையின் இராவண காவியம் 1946இல் வந்தது. லண்டன் மேசையில் அந்தக் குரல் இல்லை. அங்கிருந்த தமிழர்களில் ஐயர் பின்னாளில் கம்பராமாயணத்துக்கு ஆங்கிலத்தில் ஆய்வு எழுதியவர். அவருக்கு ராமகதை உலக இலக்கியத்தின் சிகரம். பொதுக் கதையைத் தேர்ந்தெடுப்பவர் யார் என்பதைப் பொறுத்தே அது பொதுவாகத் தெரிகிறது.

ஊர் ஏக்கத்தையே நீ மறுக்கிறாயா என்று கேட்பவர்களுக்கு: இல்லை. லண்டனில் வீராசாமி உணவகம் வந்ததே 1926இல்தான். அதற்கு முன் வந்தவனுக்குப் புளியும் பருப்பும் கிடைப்பதே பாடு. 1914இல் கேம்பிரிட்ஜ் போன கணிதமேதை ராமானுஜன் தானே சமைத்துச் சாப்பிட்டார், அதனால் தனியாகவும் ஆனார். ஏக்கம் மட்டும் இருந்தால் ஒருவன் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ரசம் வைத்துக் குடித்தால் போதும். எழுபது பேருக்கு இடம் பிடித்து, தலைவர் தேடி, நிபந்தனை பேசி, காய் நறுக்கி நடத்திய ஒன்றை ஏக்கம் என்ற ஒரே சொல்லால் மூட முடியாது. அந்த விருந்து முடிந்து மூன்று வாரத்தில், நவம்பர் 13 அன்று, காந்தி கில்டோனன் காசில் கப்பலில் ஏறினார். பத்து நாளில் கப்பலிலேயே ஹிந்த் சுவராஜ் எழுதி முடித்தார். லண்டனில் சந்தித்த வன்முறைவாத இந்தியர்களுக்குப் பதிலாகவே அதை எழுதியதாகப் பிறகு சொன்னார். விஜயதசமி மேசை மட்டும் அந்த நூலுக்குக் காரணம் என்பது மிகை. அந்தப் பதிலுக்குரியவர்கள் அவரோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட நாள் அது என்பது வரை சொல்லலாம்.

கடைசியாக, என் வாதத்துக்கு மிகவும் சங்கடமான சான்று. அந்த மேசை ஊருக்குத் திரும்பி வந்ததா? ஐயர் 1910இல் மாறுவேடத்தில் லண்டனைவிட்டுத் தப்பிப் புதுச்சேரி வந்தார். 1922இல் குருகுலம் தொடங்கினார். அது சேரன்மாதேவியில் நிலைகொண்டது. தேசியக் கல்வி, தமிழ் வழி, உடலுழைப்பு என்று எல்லாம் இருந்த அந்தப் பள்ளியில் இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு போட்டார்கள். பெற்றோருக்குக் கொடுத்த வாக்கு என்றார் ஐயர். காங்கிரஸ் நிதி பெற்ற பள்ளியில் இப்படி நடக்கலாமா என்று வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ.ரா.வும் கேட்டார்கள். 1925இல் காந்தியிடம் பஞ்சாயத்துப் போனது. இருக்கிற இரண்டு பிள்ளைகள் அப்படியே இருக்கட்டும், இனிமேல் தனிச் சாப்பாடு கேட்பவர்களைச் சேர்க்க வேண்டாம் என்றார். லண்டனில் சேர்ந்து காய் நறுக்கிய வட்டத்தைச் சேர்ந்த இரண்டு பேர், பதினாறு ஆண்டு கழித்து, யார் எந்தப் பந்தியில் உட்காருவது என்று சமரசம் பேசிக்கொண்டிருந்தார்கள். லண்டன் சமபந்தி வெறும் வேஷம் என்று இதிலிருந்து முடிவு கட்டுபவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. ஐயர் தனிப்பட்ட முறையில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டவர். அதில் யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. பேஸ்வாட்டரில் பந்தியைத் தீர்மானித்தவர்கள் சாப்பிட வந்தவர்களே. சேரன்மாதேவியில் பந்தியைத் தீர்மானித்தவர்கள் அங்கே சாப்பிடாத பெற்றோர். பிள்ளையை அனுப்பாமல் நிறுத்திவிடும் பலம் அவர்களிடம் இருந்தது. அந்தப் பலத்துக்கு எதிராக நிற்க லண்டனில் கற்ற பாடம் போதவில்லை; அதற்கு உள்ளூரில் ஒரு இயக்கம் தேவைப்பட்டது. பிறப்பால் வரும் உயர்வு தாழ்வைத் தேசிய இயக்கத்தில் பங்கெடுக்கும் நிறுவனங்கள் கடைப்பிடிக்கக் கூடாது என்று தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி தீர்மானம் போட்டது அந்தச் சண்டைக்குப் பிறகுதான்.